ஊதாக் கைலியும் விரால் மீன் சூப்பும்

காலையில் பேண்ட், சட்டை, பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன மனுஷன், சாயங்காலம் கைலியில் வீட்டுக்கு வந்தார். அதுவும் அவருடைய கைலி இல்லை. ஊதா நிறத்தில் கட்டம் போட்ட புதுக் கைலி. கடை ஸ்டிக்கர்கூட ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்பான சகோதர சகோதரிகளே, என் சோதனை அந்தக் கைலியில்தான் தொடங்கியது. அதிலிருந்து ஆண்டவர் என்னை எப்படித் தூக்கி எடுத்தார் என்பதை என் சாட்சியாக உங்கள் முன் வைக்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எஸ்தர். பாலோ பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி பத்து பாகாட் ஊருக்கு வந்தேன். வீட்டிலேயே தையல் தைக்கிறேன். கணவர் ஜெயசீலன் ஒரு துணி ஆலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். ஒரே மகள் ஷீலா, சிங்கப்பூரில் வேலை. எங்கள் சபையில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் எனக்குத்தான் முதலில் தெரியும். ஏனென்றால் வாட்ஸ்அப்பில் ஜெபக் குறிப்பு போடுகிற பொறுப்பு பல வருஷமாக என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அது போன வருஷம், நவம்பர் மழை பிடித்துக்கொண்ட வாரம். ஒரு புதன்கிழமை. கேட்டைத் திறந்து, காலை அகட்டி அகட்டி வைத்து, வாத்து மாதிரி நடந்து வந்தார்.

"என்னங்க இது கோலம்?"

"தொடையில ஒரு கட்டி. டாக்டர் கீறி விட்டுட்டாரு. பேண்ட் போட முடியல."

"கட்டியா? காலையில சொல்லவே இல்லையே. காட்டுங்க பார்ப்போம்."

"அதெல்லாம் காட்ட முடியாது. போய் தண்ணி எடுத்துட்டு வா லா."

"கைலி ஏது?"

"ஆபீஸ்ல ஒருத்தவங்க வாங்கிக் குடுத்தாங்க."

யார் அந்த ஒருத்தவங்க என்று கேட்டேன். தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். என் புருஷனுக்குக் கைலி வாங்குவது நான்தான். அவருக்கு ஊதா பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊதாக் கைலியைக் கட்டிக்கொண்டு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் படுத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலையில் நைலான் கயிறு கேட்டார். எங்கள் அறையின் கூரையில், ஷீலா பிறந்தபோது தொட்டில் கட்டிய கொக்கி இன்னும் இருக்கிறது. அதில் கயிற்றை மாட்டச் சொன்னார். நாற்காலி போட்டு ஏறி மாட்டிக் கொடுத்தேன். கயிற்றின் நுனியில் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைக் கட்டி, மல்லாந்து படுத்தபடி, இடுப்புக்குக் கீழே கைலியைத் தூக்கிக் கிளிப்பில் மாட்டினார். கைலி கூடாரம் போல நின்றது.

"துணி உரசக் கூடாது, அதான்," என்றார்.

"இந்த யோசனையெல்லாம் யார் சொன்னது?"

"நோர்லிசா."

அந்தப் பெயரை அன்றுதான் முதல் முறை கேட்டேன். ஆலை ஆபீஸில் வேலை செய்கிறவளாம். லீவு, மருந்துப் பெட்டி, தொழிலாளர்களுக்கு ஏற்படும் காயம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவளாம். புருஷன் இறந்துவிட்டாராம். இவ்வளவையும் அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா! அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே ஆலையில் வேலை செய்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மத்தியானம் கேட்டில் ஒரு கார் வந்து நின்றது. அவள்தான். கையில் அடுக்குக் கேரியர்.

அழகி. இதைச் சொல்லாமல் விட்டால் சாட்சி முழுமையாகாது. நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். மயில் கழுத்து நிறத்தில் முக்காடு, அதற்குப் பொருத்தமாக உடை. தூரத்தில் நிற்கும்போதே நல்ல வாசனை. நான் மாவு படிந்த நைட்டியில் நின்றேன். அவளுக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை தெரிந்திருந்தது, அது "அக்கா". அக்காவாம்! அதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு மற்றதை மலாயில் சொன்னாள்.

"அக்கா, இது ஹாருவான் சூப். சுன்னத் காயத்துக்கு இதைவிட நல்லது ஒண்ணும் இல்லை. என் பையன்கள் ரெண்டு பேருக்கும் இதைத்தான் குடுத்தேன். அண்ணனைச் சூடா குடிக்கச் சொல்லுங்க."

ஹாருவான் என்றால் நம்முடைய விரால் மீன்தான். எஸ்டேட் கால்வாயில் சின்ன வயதில் நான் கையாலேயே பிடித்திருக்கிறேன். அதனால் மீன் புரிந்தது. அதற்கு முன்னால் அவள் சொன்ன வார்த்தைதான் நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டது. சுன்னத்.

கேரியரை வாங்கினேன். "தெரிமா காசே" என்று நன்றிகூடச் சொன்னேன். கார் போனபிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு தமிழ் ஆண், அதுவும் பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இருக்கிற கிறிஸ்தவர், பெண்டாட்டிக்குத் தெரியாமல் சுன்னத் செய்துகொண்டால் எல்லார் மனதிலும் வருவது ஒன்றுதான். மதம் மாறிவிட்டார். ஏன் மாறினார்? மலாய்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ள. நானும் அதைத்தான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, அந்த நிமிஷமே அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்து, பந்தியும் போட்டு முடித்துவிட்டேன்.

அப்போது பார்த்து கிரேஸ் போன் செய்தாள். கிரேஸ் எங்கள் சபையில் என்னோடு ஜெபக் குழுவில் இருக்கிற தங்கை.

"அக்கா, ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. அண்ணன் நேத்து ஒரு மலாய்க்கார அம்மாகூட கிளினிக்ல நின்னாராம். அந்தம்மா அவரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்களாம். எங்க வீட்டுக்காரரோட தம்பி பார்த்துட்டு வந்து சொல்றாரு. ஏதும் பிரச்சனையாக்கா? ஜெபக் குறிப்பு போடட்டுமா?"

"போடாதே," என்றேன்.

என் வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொன்னேன். போனையும் வைத்துவிட்டேன்.

அறைக்குப் போனேன். கூடாரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். என் மனம் பின்னால் ஓடியது. கொஞ்ச மாதமாகவே மனுஷன் சரியாக இல்லை. உடம்பு இளைத்துக்கொண்டு வந்தது. நன்றாக இருக்கிறதே, தொப்பை குறையட்டும் என்று நினைத்தேன். இப்போது அவளுக்காக இளைத்தார் என்று தோன்றியது. பாத்ரூமுக்குப் போனால் வெளியே வர வெகு நேரம் ஆகும். அங்கே அவளோடு பேசியிருக்கிறார். என் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. வயசாகிவிட்டது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வயசு எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது!

"யாருங்க அவ?"

"யாரு?"

"சூப்பு கொண்டாந்தாளே, அவதான். சுன்னத் பண்ணியிருக்கீங்களாமே. மதம் மாறிட்டீங்களா? அவளைக் கட்டிக்கப் போறீங்களா? ஷீலாகிட்ட யார் சொல்றது, நீங்களா, நானா?"

அவர் என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போனது. ஏதாவது சொல்வார் என்று நின்றேன். கெஞ்சினாலும் சரி, திட்டினாலும் சரி, ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று இருந்தது.

"நீ அப்படிக் கேட்டுட்டே இல்ல," என்றார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இல்லை என்று சொல்லவில்லையே! எனக்கு அது போதுமாக இருந்தது. சமையலறைக்குப் போய், கேரியரைத் திறந்து, சூப்பைப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றினேன். நல்ல வாசனை. இஞ்சி, வெள்ளை மிளகு, செலரி. இரண்டு பூனைகள் ஓடி வந்தன. பூனைகூட அவள் சமையலுக்கு ஓடி வருகிறது என்று அதற்கும் எரிந்தது.

அன்றிலிருந்து தையல் அறையில் பாய் போட்டுப் படுத்தேன். அவருக்குச் சாப்பாட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். முகத்தைப் பார்ப்பதில்லை. அவரும் கேட்கவில்லை. சூப் மறுநாளும் வந்தது. மறுநாளும் பூனைகள் குடித்தன. ஷீலா போன் செய்தால், அப்பாவுக்குத் தொடையில் கட்டி என்று அவர் சொன்ன பொய்யையே நானும் சொன்னேன்.

கஷ்டம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். குழுவில் போடுவேன். முப்பது பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். எனக்குப் பாதி கஷ்டம் அதிலேயே குறைந்துவிடும். இந்த முறை என்னவென்று போடுவது? என் புருஷனுக்குச் சுன்னத் நடந்திருக்கிறது, ஜெபியுங்கள் என்றா? யாரிடமும் சொல்ல முடியவில்லை. தையல் மெஷினில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தனியாக ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. நம் பாஸ்டர் கேட்டால் வருத்தப்படுவார்.

"ஆண்டவரே, இந்த மனுஷன் என்னுடையவர். நீர்தான் எனக்குத் தந்தீர். தந்ததை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்காதேயும். அவள் அழகாக இருந்தால் இருக்கட்டும். நன்றாகச் சமைத்தால் சமைக்கட்டும். எனக்கு இவர் வேண்டும். இவர் மட்டும் வேண்டும்."

இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதில் துதி இல்லை, ஸ்தோத்திரம் இல்லை. பொறாமை மட்டும்தான் இருந்தது. அதையும் ஆண்டவர் கேட்டார் என்பதுதான் என் சாட்சி.

திங்கள்கிழமை மத்தியானம் சாப்பாடு வைக்கப் போனேன். காலையில் வைத்த இட்லி அப்படியே இருந்தது. முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் போனேன். ஆனால் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. மனுஷன் நடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றியைத் தொட்டேன், அடுப்பு போலச் சுட்டது. அறையில் ஒரு கெட்ட வாடை.

"என்னங்க, என்ன பண்ணுது?"

"எரியுது எஸ்தர். தாங்க முடியல."

கிளிப்பை எடுத்தேன். கைலியை விலக்கினேன். பார்த்தேன்.

அதை விவரிக்க மாட்டேன். வீங்கிப் போயிருந்தது. கட்டுத்துணி காய்ந்த ரத்தத்தோடு ஒட்டிக் கருத்துப் போய்க் கிடந்தது. அதன் மேலே வெள்ளையாகச் சாந்து பூசினது போல ஏதோ அப்பியிருந்தது. என்னவென்று கேட்டேன். பவுடராம். வேர்க்குருவுக்குப் போடுகிற குளுகுளு பவுடர்! கிளினிக்கில் தினமும் கழுவிக் கட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இளைத்தும் மிச்சமிருந்த தொப்பை மறைப்பதால் அவருக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கட்டை இழுத்தால் உயிர் போகிற வலி. என்னைக் கூப்பிடவும் ரோஷம். ஈரம் இல்லாமல் இருந்தால் போதும் என்று, குத்துமதிப்பாக அங்கே பவுடரைக் கொட்டிக்கொண்டு நாளைத் தள்ளியிருக்கிறார்.

"சுகர் இருக்கு எஸ்தர் எனக்கு," என்றார். பல் கிடுகிடுக்க. "ரொம்ப மாசமா இருக்கு. சொல்லல."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. போனில் கிராப் டாக்ஸி பிடித்துப் பழக்கமில்லை. ஆம்புலன்ஸ் என்றேன், தெருவே கூடிவிடும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றார். கிரேஸுக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. சாமான் அறையில் கிடந்த பழைய சக்கர நாற்காலி ஒன்றை இழுத்துப் பார்த்தேன், சக்கரம் சுற்றவில்லை. நடுக்கூடத்தில் நின்று வாய்விட்டுக் கத்தினேன்.

"ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்! இப்பவே அனுப்பும்! அவளைத் தவிர யாரை வேண்டுமானாலும் அனுப்பும்!"

கேட்டில் ஹார்ன் சத்தம் கேட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அதே கார், அதே அடுக்குக் கேரியர், அதே "அக்கா". கூரையைப் பார்த்து, "இதுதான் உம்முடைய பதிலா?" என்று நேராகவே கேட்டேன். ஆனால் கேட்டுக்கொண்டே ஓடிப் போய்க் கேட்டைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேரியரைத் தூண் பக்கம் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அறை வாசலோடு நின்றுகொண்டாள், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, நீங்க அவரைத் தூக்கி உட்கார வைங்க, நான் கார் கதவைத் திறக்கிறேன்," என்றாள். நான்தான் தூக்கினேன். என் தோளில்தான் சாய்ந்து வந்தார். அவள் தொடவில்லை. அந்த அவசரத்திலும் அதை நான் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். காயத்தில் கிருமி ஏறிவிட்டது, சர்க்கரை எங்கேயோ நிற்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் அந்த இடத்தோடு நின்றிருக்காது, ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். இன்சுலின் போட்டார்கள். நான் வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டே இருந்தேன். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். போகவில்லை. போகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

நர்ஸ் ஒருத்தி வெளியே வந்தாள். காயம் கழுவிக் கட்டுவதைச் சொல்லித்தர வேண்டும், மனைவி யார் என்று மலாயில் கேட்டாள். கேட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். என் புருஷன் வந்தது அவள் காரில். பெயர், விவரம் எல்லாம் கவுண்டரில் சொன்னதும் அவள்தான், என் மலாய் அவ்வளவு ஓடாது. நர்ஸ் நேராக நோர்லிசாவைப் பார்த்து, "புவான், வாங்க," என்று அம்மா போட்டு மரியாதையாகக் கூப்பிட்டாள்.

நான் எழுந்தேன் பாருங்கள்! "சாயா!" என்று கத்தினேன். "சாயா இஸ்தெரி டியா!" நான்தான் இவர் பெண்டாட்டி என்று. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு சீனத் தாத்தா அப்படியே நின்றுவிட்டார். நர்ஸ் பயந்து போய், "யா, யா, புவான், சாரி," என்றாள். திரைக்கு உள்ளே இருந்து ஒரு சத்தம். என் புருஷன் சிரிக்கிறார். அந்தக் காய்ச்சலிலும், அந்த வலியிலும் சிரிக்கிறார்.

"அவதான் மிஸ்ஸி," என்றார் நர்ஸிடம், உள்ளே இருந்து. "அவளைத் தவிர யாரும் இப்படிக் கத்த மாட்டாங்க."

உள்ளே போனேன். கட்டைப் பிய்க்கக் கூடாது என்று சொல்லித்தந்தாள் அந்த நர்ஸ். உப்பு நீரை ஊற்றி ஊறவைக்க வேண்டும், அதுவே கழன்று வரும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். காயம் ஆறும்போது மஞ்சளாக ஒரு படலம் வரும், அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டக் கூடாது. வாடை அடித்தாலோ, வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும். பவுடர் கிட்டவே வரக் கூடாது. பவுடரைப் பற்றிச் சொல்லும்போது அவரை ஒரு பார்வை பார்த்தாள், எனக்குத் திருப்தியாக இருந்தது. என் கையாலேயே செய்து காட்டச் சொன்னாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். வலியா என்று கேட்டேன். வெட்கம் என்றார்.

நர்ஸ் போன பிறகு கேட்டேன். "ஏங்க என்கிட்ட சொல்லல?"

போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"போன வருஷம் எனக்கு மூலம் வந்திச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ குழுவுல போட்டே. ஞாயித்துக்கிழமை சபைக்கு வந்தா, வாசல்ல செருப்பு கழட்டறதுக்குள்ள நாலு பேரு, அண்ணே மூலம் எப்படி இருக்குன்னு கேக்கிறாங்க. ஒருத்தரு நாற்காலியில மெத்தை போட்டு வெச்சிருக்காரு. ஸ்பீக்கர்ல பேரு சொல்லி ஜெபிச்சாங்க. நீ ஜெபக் குறிப்பு போட்டா, கர்த்தர் கேக்கிறதுக்கு முன்னாடி பத்து பாகாட்டே கேட்டுடுது எஸ்தர். இதையும் போட்டுடுவேன்னு பயந்துட்டேன்."

ஆசையாகத்தான் போட்டேன். ஜெபம் அதிகமானால் குணம் சீக்கிரம் வரும் என்று நம்பித்தான் போட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சர்க்கரை கூடி, அந்த இடத்தில் அடிக்கடி புண் வந்து, தோல் இறுகிப்போய், சிறுநீர் போவதே அவஸ்தையாகியிருக்கிறது. பாத்ரூமில் அவ்வளவு நேரம் அதற்குத்தான். இளைத்தது சர்க்கரையால். என் பக்கம் திரும்பாதது வலிக்குப் பயந்து. ஒருநாள் ஆபீஸில் மருந்துப் பெட்டி கேட்கப் போய், அங்கேயே தலை சுற்றி விழுந்துவிட்டார். மருந்துப் பெட்டிச் சாவி நோர்லிசாவிடம். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் அதட்டித்தான் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறாள். தோலை எடுத்தால்தான் தீரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போக வழியில்லாமல், பேண்ட் போட முடியாமல் நின்றவருக்குக் கிளினிக் பக்கத்துக் கடையில் கிடைத்த கைலியை வாங்கிக் கொடுத்து, தள்ளாடினவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவளும் அவள்தான். மதமும் மாறவில்லை, கல்யாணமும் இல்லை.

"அவகிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொல்லல," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மதம் மாறவில்லை என்பது சந்தோஷம்தான். ஆனால் என்னைச் சுட்டது மதம் இல்லை, சகோதரிகளே. எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

"நான் சொல்லல. விழுந்தேன், அவங்க பார்த்துட்டாங்க," என்றார். "உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ எனக்குக் கல்யாணமே பண்ணி வெச்சுட்டே."

வெளியே வந்தேன். நோர்லிசா அதே நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு அருகில் போய் உட்கார்ந்தேன். என் மலாயில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நன்றி சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் புருஷனும் சர்க்கரையை மறைத்துத்தான் போனார், அதனால்தான் அண்ணனை விடவில்லை என்று சொன்னாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது. சரி, எல்லாம் இல்லை. கொஞ்சம் இருந்தது. கிட்டத்தில் பார்த்தால் இன்னும் அழகாக இருந்தாள்.

ஆண்டவருடைய கிருபையால் காய்ச்சல் விட்டது. சர்க்கரை இறங்கியது. வீட்டுக்கு வந்தோம். தொட்டில் கொக்கியில் மறுபடியும் கயிறு கட்டினேன். காலையும் மாலையும் நானே ஊறவைத்தேன், நானே கழுவினேன், நானே கட்டினேன். ஆண் நர்ஸ் ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று நோர்லிசா சொன்னாள். தேவையில்லை என்றேன். ஷீலா வந்தபோது அவளையும் அறைக்குள் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் கட்டு மாற்றுவதற்கு முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியமாக, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஜெபித்தேன். வீக்கம் வடிந்தது. தையல் தானாகக் கரைந்தது. சிவப்பு மாறி நல்ல தோல் வந்தது. அந்தக் காயம் ஆறுவதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

விரால் சூப்பும் நானே வைத்தேன். சந்தையில் உயிரோடு இருக்கிற மீனாகப் பார்த்து வாங்கி, இஞ்சி தட்டிப் போட்டு, நோர்லிசாவிடம் கேட்ட பக்குவத்திலேயே செய்தேன். ஒரு கிண்ணம் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"அவங்களதைவிடவா?"

என் புருஷன் சபையில் மூப்பர். அந்தத் தொடைக் கட்டிக்குப் பிறகு பொய் சொல்வதில்லை. கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல சூடா இருக்கு," என்றார்.

அந்த ஊதாக் கைலியைத் துவைத்து, மடித்து, வைத்திருக்கலாம். வெட்டி மெஷினில் ஓரம் அடித்து, வாசலில் கால் துடைக்கப் போட்டுவிட்டேன். அவருக்கு நானே பச்சையில் இரண்டு கைலி வாங்கிக் கொடுத்தேன். ஆண்டவர் என்னிடம் செய்ய வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிகிறது.

இவ்வளவையும் இவள் இப்படி வெளியே சொல்கிறாளே, அந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைப்பீர்கள். அவர்தான் சொல்லச் சொன்னார். "நம்ம சபையிலேயே சுகரை மறைச்சுக்கிட்டு, புண்ணை மறைச்சுக்கிட்டு, பாத்ரூம்ல நிக்கிற ஆம்பளைங்க இருப்பாங்க எஸ்தர். அவங்களுக்காகச் சொல்லு," என்றார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்துதான் வந்திருக்கிறேன். அதனால் ஐயாமார்களே, வெட்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். போவதற்கு முன்னால் வீட்டில் சொல்லுங்கள். வெளியாள் சூப் கொண்டுவந்து சொல்கிற நிலைமைக்கு உங்கள் மனைவியை ஆளாக்காதீர்கள். அம்மாமார்களே, குழுவில் இப்போதும் குறிப்பு போடுகிறேன். ஆனால் பெயரும் போடுவதில்லை, நோயும் போடுவதில்லை. ஒரு சகோதரருக்காக ஜெபியுங்கள் என்று மட்டும் போடுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல், பொறாமையில் வெந்துபோய் நான் பண்ணின ஜெபத்தையே கேட்டவர், உங்கள் ஜெபத்தைக் கேட்காமல் போவாரா? அவர் அனுப்புகிற ஆளை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கேட்டைத் திறந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. காயம் முழுக்க ஆறிக் கட்டை அவிழ்த்த அன்று, கொக்கியிலிருந்து கயிற்றை நான் இறக்கிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என் புருஷன் என்னிடம் ஒன்று சொன்னார். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாதது. அடுத்த வாரம் நோர்லிசா வந்தபோது, அக்கா முகம் பளபளக்கிறதே, என்ன விஷயம் என்று கேட்டாள். கிரேஸும் கேட்டாள். ஷீலாவும் கேட்டாள்.

நான் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன். அது எனக்கு மட்டும் தெரியும். கர்த்தருக்கு நன்றி.